காப்புக் கட்டிய தெருவில் தீ

எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதனால்தான் இதை நானே சொல்கிறேன். வேறு யாரிடமாவது கேட்டால் ஆத்தா எடுத்துக்கொண்டாள், தலையெழுத்து, நேரம் என்று ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் நாத்தனாரை எந்த ஆத்தாளும் எடுத்துக்கொள்ளவில்லை. தீயணைப்பதில் சுற்றுப்பட்டியிலேயே கெட்டிக்காரர் என்று பேர் வாங்கிய அவளுடைய சொந்த அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், கூப்பிடு தூரம்கூட இல்லை, நாலு எட்டில் நிற்கும்போது அவள் எரிந்தாள்.

எழுமலைப் பக்கத்து ஊர் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வாக்கப்பட்டுப் போனபோது எங்கள் தெருவில் ஒரு ஓட்டு வீடுகூடக் கிடையாது. எல்லாம் தென்னங்கிடுகும் பனையோலையும்தான். மாசி முடிந்து வெயில் ஏற ஏறக் கூரையெல்லாம் அப்பளம் மாதிரிக் காய்ந்து நிற்கும். ஒருத்தி முற்றத்தில் நெல் அவிப்பாள், இன்னொருத்தி காய்ந்த பருத்திமாரை அடுப்பில் திணித்துவிட்டுத் தண்ணீருக்குப் போய்விடுவாள், ஆம்பிளைகள் பீடியைக் கண்ட இடத்தில் எறிவார்கள். கோடைக்குக் கோடை வீடுகள் போகும். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வரவேண்டும். யாராவது சைக்கிளை மிதித்துத் தபாலாபீசுக்குப் போய், லைன் கிடைத்து, விவரம் சொல்லி, வண்டி அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் வந்து சேர்வதற்குள் சாம்பல்தான் இருக்கும். அவர்களைச் சொல்லி என்ன செய்ய? வந்ததற்குச் சாம்பல்மேல் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அதனால் தீயணைக்கிற வேலை ஊர் இளவட்டங்களிடம் வந்து சேர்ந்தது. சங்கம், போர்டு, சம்பளம் ஒன்றும் கிடையாது. சாவடியில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதை விடாமல் அடித்தால் தீ என்று அர்த்தம். உழுதுகொண்டிருப்பவன் ஏரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவான். சாவடி உத்தரத்தில் நீள மூங்கில்களைச் செருகி வைத்திருப்பார்கள், நுனியில் கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்புக் கொக்கியோடு. ஏணி, அரிவாள், சாக்கு எல்லாம் அங்கேயே இருக்கும். இதற்கெல்லாம் என் வீட்டுக்காரர்தான் தலை. வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார், சோற்றில் உப்பில்லை என்றாலும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போகிற ஆள். தீ என்றால் மட்டும் அவர் குரல் தெருக்கோடி வரை கேட்கும்.

"எரியுற வீட்ட விடுங்கடா! அடுத்த வீட்டப் பாருங்கடா!" என்று கத்துவார். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது. இதென்ன மனுஷன், எரிகிற வீட்டை விடச் சொல்கிறாரே என்று. பிறகுதான் புரிந்தது. பிடித்த கூரையில் எத்தனை குடம் ஊற்றினாலும் அது நிற்காது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு வீடு தள்ளி ஏணி போட்டு ஏறி, கட்டுக்கயிற்றை அரிவாளால் அறுத்து, கொக்கியைப் போட்டு இழுத்துக் கூரையை மொத்தமாகக் கீழே தள்ள வேண்டும். தீ வந்து பார்த்து, பிடிக்க ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். கூரை இல்லாத மண்சுவரில் ஈரச்சாக்கால் அடித்துப் பொறியை அமத்துவார்கள். பெண்கள் நாங்கள் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று குடம் கைமாற்றுவோம்.

தீப்பிடிக்காத வீட்டின் கூரையைப் பிடுங்கினால் வீட்டுக்காரி சும்மா விடுவாளா? "நாசமாப் போவீங்க" என்று ஆரம்பித்து வம்சத்தையே இழுப்பாள். ஒருத்தி விளக்குமாற்றால் என் வீட்டுக்காரரை முதுகிலேயே சாத்தினாள். அடியை வாங்கிக்கொண்டே இழுத்தார். மறுநாள் அவளே கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதாள். அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் உயிர், அடுத்து மாடு, அடுத்து கூரை. நெல்லும் பெட்டியும் கடைசி. ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டி "உள்ள யாரும் இருக்கீகளா?" என்று கேட்காமல் அவர் கொக்கியைத் தூக்கியதே இல்லை. அப்பேர்ப்பட்ட ஆள்.

ஊருக்கு மேற்கே, தெரு முடிகிற இடத்தில், வேலிமுள் அடைப்புக்குள் தாழ்வான கூரை வீடு ஒன்று இருந்தது. முட்டு வீடு என்பார்கள். மாதவிலக்கான பெண்கள் தீட்டுக் கழிகிற வரைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். பிள்ளை பெற்றவளும் கைக்குழந்தையோடு அங்கேதான். சோற்றைக் கொண்டுபோய்த் தள்ளி வைத்துவிட்டு வர வேண்டும், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். ஆம்பிளைகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். போக நேர்ந்து, உள்ளிருந்து ஒருத்தி வெளியே வருகிறாள் என்று தெரிந்தால் தள்ளிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அவள் கடந்து போன பிறகுதான் திரும்ப வேண்டும். சின்ன வயதிலிருந்தே பழகின பழக்கம், யாரும் சொல்லிக்கொடுக்கக்கூடத் தேவையில்லை. நானும் அங்கே படுத்திருக்கிறேன். மழைக்கு ஒழுகும், பாம்பு வரும். என் பிறந்த ஊரில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. முதல் தடவை போகமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். என்ன பிடித்து என்ன? மாடு செத்தாலும் மழை பொய்த்தாலும் என் தலையில் விடிந்திருக்கும். போனேன்.

அந்த வருஷம் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் சாட்டியபோது என் நாத்தனார் தலைப்பிரசவம் முடிந்து அங்கே இருந்தாள். சோழவந்தான் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். பிறந்தது பெண் குழந்தை. என்னைவிடச் சின்னவள், பயந்த சுபாவம், யாராவது அதட்டினால் கண் நிறைந்துவிடும். அவளுக்குச் சோறு கொண்டுபோவது நான்தான். தள்ளி வைக்க மனசு வராமல் யாரும் பார்க்காத நேரம் வாசல்வரை போய்விடுவேன். "அங்கேயே வைங்க மதினி. ஊருல காப்புக் கட்டியிருக்காங்கல்ல" என்று பதறுவாள்.

காப்புக் கட்டுவதென்றால் மஞ்சள் தோய்த்த கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு மாரியம்மனுக்கு விரதம் இருப்பது. அந்த நாட்களில் தீட்டு நிழல்கூட மேலே படக்கூடாது. பட்டால் விரதம் போச்சு, ஊருக்கே ஆகாது என்பார்கள். அந்த வருஷம் என் வீட்டுக்காரரும், அவரோடு தீயணைக்கிற அத்தனை பேரும் காப்புக் கட்டியிருந்தார்கள். அக்கினிச்சட்டி எடுக்கிறதாக வேண்டுதல். தங்கச்சிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று இவர் வேண்டியிருந்தார். அது அவளுக்கும் தெரியும்.

உச்சி வெயிலில்தான் பிடித்தது. தெரு நடுவில் ஒரு வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். பருத்திமார்ப் பொறி ஒன்று பறந்துபோய்க் கூரையோர இறவாணத்தில் உட்கார்ந்தது. தண்டவாளம் அடிக்கும்போதே கூரை பாதி போய்விட்டது. விரதக்காரர்கள் எல்லாரும் கோயில் பக்கம்தான் இருந்தார்கள், ஒரு நொடியில் வந்துவிட்டார்கள். காற்று கிழக்கே அடித்தது. இவர் மண்ணை அள்ளித் தூவிப் பார்த்துவிட்டு, "கெழக்கால ஒரு வீடு தள்ளி ஏறுங்கடா!" என்றார். ஏறினார்கள். மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். நாங்கள் வரிசை போட்டோம். குடம் வந்தது, போனது. புகையில் கண் எரிந்து மூக்கு ஒழுகியது. இரண்டு கூரையை இழுத்துத் தள்ளினார்கள். தீ கிழக்கே நின்றுவிட்டது. "அம்புட்டுத்தான், அமந்துருச்சு" என்று ஒருத்தன் சாக்கை உதறினான்.

அப்போதுதான் காற்று திரும்பியது. கோடைக்காற்றுக்கு என்ன ஒழுங்கு? ஒரு சுழற்றுச் சுழற்றி, எரிகிற ஓலையை அப்படியே தூக்கிக்கொண்டு மேற்கே போனது. முட்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வைக்கோல்படப்பு குப்பென்று பிடித்தது. அடுத்தது அந்தக் கூரைதான். காப்புக் கட்டியவர்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்கள். இவர் மட்டும் ஈரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே ஓடினார். எனக்கு உயிர் வந்தது. அண்ணன் போய்விட்டார், தங்கச்சியைக் கொண்டுவந்துவிடுவார் என்று நினைத்தேன். வரிசையை விடாமல் குடத்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் முட்டு வீட்டு வாசலில் இல்லை. கொஞ்சம் தள்ளி வேலியோரத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டி, முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கூரையின் ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது.

அவள் வெளியே வந்துவிட்டாள், அதனால்தான் இவர் இப்படி நிற்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். அவளைக் காணோம். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"எங்க அவ? வந்துட்டாளா?"

"வாரேன்னா" என்றார், திரும்பாமலே. "தள்ளிப் போண்ணே, காப்புக் கட்டியிருக்க, நீ தள்ளிப் போனாத்தான் வெளிய வாரேன்னா. அதான் தள்ளி வந்தேன்."

"எப்பச் சொன்னா?"

அப்போதுதான் அவருக்கே அது உறைத்தது போலிருக்கிறது. சடக்கென்று திரும்பினார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

உள்ளே நடந்தது என்னவென்று பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். அண்ணன் குரல் வாசலிலேயே கேட்டதும், எங்கே உள்ளே வந்து தொட்டுவிடுவாரோ என்று தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறாள். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கதவோரம் நின்று, காலடிச் சத்தம் விலகட்டும் என்று காத்திருக்கிறாள். இவர் வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் கடந்து போகட்டும் என்று காத்திருக்கிறார். ஓலை வெடிக்கிற சத்தத்தில் எந்தக் காலடி கேட்கும்? அதற்குள் புகை இறங்கி அவளைச் சாய்த்துவிட்டது. அவருக்காக அவள், அவளுக்காக அவர். இப்படியும் ஒரு மரியாதை உண்டா?

கதவை நான்தான் உதைத்தேன். இரண்டாம் உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது. வாசல்படிக்கு உள்ளேயே குப்புறக் கிடந்தாள், குழந்தை அடியில் கிடந்தது. குழந்தையை உருவி எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுப்பதற்குள் மேலே உத்தரம் முறிந்தது. அவர் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார். தள்ளிவிட்டு அவர் உள்ளே போனார். கொக்கி இல்லை, சாக்கு எங்கேயோ விழுந்துவிட்டது. எரிகிற ஓலையை வெறுங்கையால் வாரி வாரி எறிந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கையில் தோல் இல்லை. காப்பை அவர் அவிழ்க்கவில்லை, அதுவாகவே எரிந்து போயிருந்தது.

டிராக்டரில் வைக்கோலைப் பரப்பி, வாழை இலை போட்டு அவளைக் கிடத்தி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவர் என்ஜின் பக்கம், கையை முன்னால் நீட்டிக்கொண்டு இருந்தார். உசிலம்பட்டி தாண்டியதும் அவள் கண்ணைத் திறந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன். பிறகு விட்டு விட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அண்ணன் என்னத் தொடலையே மதினி?"

என்ன சொல்வேன்? "இல்லத்தா. நாந்தான் தூக்குனேன்" என்றேன்.

"நல்லவேள" என்றாள். அந்த வெந்த முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஐயோ, அந்த நிம்மதியைப் பார்த்ததற்குப் பதில் என் கண் அவிந்திருக்கலாம். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

ஊர் என்ன பேசியது தெரியுமா? தங்கச்சி எரியும்போதும் விரதத்தை விடாமல் நின்றான் பார் என்று பாதிப் பேர் மெச்சினார்கள். கடைசியில் தொட்டுக் கெடுத்துவிட்டானே என்று பாதிப் பேர் குறைப்பட்டார்கள். இரண்டு கூட்டத்தையும் நான் வாசலில் நின்று கிழித்தேன். என் வாயைக் கேட்டு ஒருத்தரும் மறுபடி எங்கள் வீட்டுப் பக்கம் அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு வரவில்லை. முட்டு வீட்டையாவது இத்தோடு விட்டுத் தொலைப்பார்கள் என்று பார்த்தேன். வரி போட்டு, அதே இடத்தில், அதே அடைப்புக்குள் திரும்பக் கட்டினார்கள். இனிமேல் தீப்பிடிக்கக் கூடாதாம், அதனால் ஓடு போட்டார்கள். எங்கள் தெருவின் முதல் ஓட்டு வீடு அதுதான்.

குழந்தையின் தகப்பன் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டான். பிள்ளை எங்களிடமே வளர்ந்தாள். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. இவருக்கு விரல்கள் மடங்கிப்போய் மூங்கிலைப் பிடிக்க முடியாமல் போனது. தண்டவாளம் அடித்தால் ஓடுவார், கத்துவார், இழுப்பது வேறு ஆட்கள். அதன் பிறகு ஒரு வருஷமும் காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. என்னோடு அந்த நாளைப் பற்றிப் பேசவும் இல்லை. நான் விடுவேனா? கோபம் வரும்போதெல்லாம் "கல்லு மாதிரி நின்னீகளே, பாவி மனுசா!" என்று குத்திக் காட்டியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு, "தள்ளிப் போகச் சொன்னா, போனேன்" என்பார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது.

எண்பதுகளில் தெருவெல்லாம் ஓடும் ஆஸ்பெஸ்டாஸும் வந்துவிட்டன. தீ குறைந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு நாள் மூலையில் உட்கார்ந்தாள், பெரியவளாகிவிட்டாள். மற்ற ஊர்களில் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சுக் கட்டுவார், அதில் உட்கார வைப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கும் முட்டு வீடுதான். அனுப்ப மாட்டேன் என்று நான் வாசலை மறித்தேன். மாமியார் அழுதார், தெருவே கூடியது. ஊர்ப் பெரியவர்கள் மாரியம்மனை இழுத்தார்கள். நான் திட்டாத திட்டில்லை. கடைசியில் என்னைத் தோற்கடித்தவள் அந்தப் பிள்ளைதான். "எல்லாரும் போறாங்கத்தே. நானும் போறேன். எனக்குச் சங்கட்டமா இருக்கு, விடுங்க" என்றாள். அம்மா தீயில் செத்தாள் என்பது அவளுக்குத் தெரியும். எப்படி என்று நாங்கள் சொன்னதில்லை. எந்த வாயால் சொல்வது?

அவள் போனாள். இவர் சாவடிக்குப் போய்ப் பழைய கொக்கிக் கம்பை எடுத்து வந்தார். தண்ணீர்க் குடங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். முட்டு வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, வேலிக்கு உள்ளேயே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்தார். சோறு, தூக்கம் எல்லாம் அங்கேயே. ஆம்பிளைகள் சிரித்தார்கள். வெட்கங்கெட்டவன், பொம்பளை இருக்கிற இடத்தில் உட்கார்ந்து வாசலையே வெறிக்கிறானே என்று பெண்கள் ஏசினார்கள். ஓட்டு வீடு எங்கேடா எரியப்போகிறது என்று ஒருத்தர் கேட்டார். இவர் அந்தப் பக்கம்கூடத் திரும்பவில்லை. முன்னாலேயே இதை இடித்துத் தொலைத்திருக்கலாமே, இப்போது காவல் எதற்கு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் நான் சோறு கொண்டுபோனபோது உள்ளே கதவுக்குப் பின்னால் பிள்ளையின் குரல் கேட்டது. மெல்லிய குரல், அப்படியே அவள் அம்மா குரல்.

"மாமா, தள்ளிப் போங்க. நான் வெளிய வாரேன்."

அவர் எழுந்து நின்றார். ஆனால் கால் நகரவில்லை, முகம் திரும்பவில்லை.

"போகமாட்டேன் தாயி" என்றார். "பாத்துக்கிட்டேதான் நிப்பேன். நீ வா."

பிறகு தாழ்ப்பாள் விலகியது. பிள்ளை குனிந்த தலையோடு வெளியே வந்து, அவருக்குப் பக்கத்திலேயே நடந்து, வேலியைத் தாண்டிப் போனாள். அவர் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, அவள் போகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.